நாற்காலியோடு போன மாமனார்

இனிச் சொல்லப்போவதில் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் தயக்கமில்லை. அதற்கென்றே கிடங்கின் பின்வரிசையில் பிளாஸ்டர் தலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ராஜா தலை, மந்திரி தலை, துரோகி தலை. எது பிடிக்கிறதோ அதில் அடித்துக்கொள்ளலாம். துரோகி தலை மட்டும் கொஞ்சம் உதிரும். மெதுவாக அடிக்க வேண்டும்.

கிடங்கு என்றால் நாடகங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கிடங்கு. சிம்மாசனம், சவப்பெட்டி, சிறைக்கம்பி, ரப்பர் கத்தி, எலும்புக்கூடு, திறந்தால் சுவர் மட்டுமே தெரியும் ஜன்னல் என்று மேடையில் எவன் உட்கார்ந்தாலும் எவன் செத்தாலும் அதற்கு வேண்டியது இங்கிருந்துதான் போகும். முதலாளிக்கு எல்லாம் மனப்பாடம். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எது கால் ஒடிந்து திரும்பி வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வயது ஏற ஏற, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் மட்டும்தான் சொன்னார். விழித்திருக்கும்போது தடுமாறினார். ஒருமுறை கல்யாணக் காட்சிக்குச் சோபா கேட்டவர்களுக்குச் சவப்பெட்டியை அனுப்பிவிட்டார். மணமக்கள் அதன்மேல் உட்கார்ந்தே நடித்தார்கள். அந்த நாடகத்துக்குப் பரிசு கிடைத்தது வேறு விஷயம்.

இனி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவானது. இந்த இடத்தில்தான் முதலாளியின் கிரகம் குறுக்கே வந்தது. அவருடைய மாப்பிள்ளைகள் இரண்டு பேருமே தரவுத்தளக்காரர்கள்.

தரவுத்தளம் ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. எதை எங்கே வைத்தோம் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவைத்து, பிறகு அதனிடமே கேட்டு, அது சொல்லும் பதிலைக் கண்டு விழிப்பதற்குப் பெயர்தான் அது. சொல்லிவைப்பதில் இரண்டு கட்சி உண்டு. பெரிய மாப்பிள்ளை ஒரு கட்சி, சின்ன மாப்பிள்ளை எதிர்க்கட்சி.

பெரிய மாப்பிள்ளையின் கட்சிப்படி உலகத்தில் இருப்பதெல்லாம் ஆப்ஜெக்ட். நாற்காலி என்றால் அது முழு நாற்காலி. அதன் நிறம், எடை, அது யாரோடு சேர்ந்தது, அதை எப்படித் தூக்க வேண்டும் எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். அதைப் பிய்த்துப் போடுவது பாவம். இந்தக் கொள்கைக்காகவே கிடங்கில் அவருக்கு 'முழுசு' என்று பட்டப்பெயர். சின்ன மாப்பிள்ளைக்கோ எதைப் பார்த்தாலும் கட்டம் போடத் தோன்றும். வரிசை, பத்தி, அதற்குள் கட்டம். 'ஆனால் வெறும் கட்டம் இல்லை, இது ஆப்ஜெக்ட்-ரிலேஷனல்; கட்டத்துக்குள் ஆப்ஜெக்டும் உட்காரும்' என்று அவர் சேர்த்துச் சொல்வார். அதைக் கேட்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. அவருக்குப் பட்டப்பெயர் 'கட்டம்'. கொள்கையில் இப்படி வடக்கும் தெற்குமாக இருந்தாலும் சகலைகள் இருவருக்கும் செருப்பு அளவு ஒன்றுதான். காலையில் முந்திக் கிளம்புகிறவருக்கு நல்ல ஜோடி கிடைக்கும்.

பெரியவர் ஒரு காலத்தில் ஆப்ஜெக்ட் தரவுத்தளம் விற்கும் கம்பெனியில் இருந்தார். அந்தச் சரக்கின் அருமையை உலகம் உணர்வதற்குள் கம்பெனியின் கதவில் பூட்டு தொங்கியது. உலகம் இன்னும் உணரவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டோடு மாப்பிள்ளை. கிடங்கில் மாடிப்படிக்கு அடியில், யாரும் வாடகைக்குக் கேட்காத ஒரு சிம்மாசனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதன் தங்கப் பெயின்ட் சரியாகக் காயாத ஜாதி. அவர் எழுந்து நடந்தால் முன்னால் அறிவு, பின்னால் பொன் என்று லோடு மேஸ்திரி சொல்வார். அறிவைப் பற்றிச் சொன்னது மரியாதைக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் முதலாளி தீர்ப்பைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு செய்ங்க மாப்பிள்ளை. தியேட்டர் அம்மா டாக்டர் நாடகம் போடறாங்க. அடுத்த வாரம் திங்கக்கிழமை ஒரு ஆர்டர் பெரியவர் கம்ப்யூட்டர் சொல்றபடி போகட்டும். புதன்கிழமை ஆர்டர் சின்னவர் சொல்றபடி. எவர் அனுப்பினது சரியா போய்ச் சேருதோ, அவருக்குக் கண்ணாடி ரூம், சாவிக்கொத்து."

கண்ணாடி அறை என்பது கிடங்கில் மின்விசிறி உள்ள ஒரே அறை. சாவிக்கொத்து முதலாளியின் இடுப்பை விட்டு இறங்கியதே கிடையாது.

"தோத்தவரு?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை.

"ஜெயிச்சவர்கிட்ட வேலை பார்ப்பார். கட்டத்துல எழுதணும்னா எழுதுவார்."

சின்ன மாப்பிள்ளை ரசம் இருந்த கிண்ணத்தைப் பெரியவர் பக்கம் பணிவாக நகர்த்தினார். அந்தப் பணிவு பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது.

கை கழுவும் இடத்தில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இந்தத் தடவையாவது கேட்டதை மட்டும் கொடுங்க. கடையில பால் வாங்கி வாங்கன்னா மாட்டோட விலாசம் கேட்டு வர்ற ஆளு நீங்க."

"அது முழு விவரம்."

"முழு விவரம் வேண்டாம். பால் போதும். தோத்துட்டு வந்து சகலைகிட்ட கை கட்டி நின்னீங்கன்னா, அந்தச் சிம்மாசனத்துலயே படுத்துக்குங்க. மேல வராதீங்க."

ஆகவே பெரிய மாப்பிள்ளைக்கு இது வெறும் வேலை இல்லை. மானம், மின்விசிறி, படுக்கை மூன்றும் ஒரே கயிற்றில் தொங்கின.

அவர் கிடங்கு முழுக்க நடந்து, ஒவ்வொரு சாமானையும் நேரில் பார்த்து ஏற்றினார். மேஜை, அதன்மேல் இருக்கும் விளக்கு, விளக்கோடு சேர்ந்த தொலைபேசி, தொலைபேசியோடு சேர்ந்த போலீஸ் ஸ்டேஷன் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுட்டி போட்டுக்கொண்டே போனார். ஒரு நூலைப் பிடித்தால் மற்றதெல்லாம் தானே பின்னால் வரும், தேடவே வேண்டாம். அதுதான் அவர் கட்சியின் பெருமை. அதோடு வகைக்கு வகை பரம்பரை உண்டு. சிம்மாசனம் நாற்காலியின் வாரிசு. நாற்காலிக்குத் தெரிந்ததெல்லாம் சிம்மாசனத்துக்கும் தெரியும். தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

டாக்டர் நாற்காலியிடம் அவர் வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சுழலும் தோல் நாற்காலி அது. 'மேலே இருப்பது என்ன?' என்று அவருடைய திரை கேட்டது. அவரே எழுதிவைத்த கேள்விதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். மேலே முதலாளி இருந்தார், லேசான குறட்டையோடு.

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருப்பான். பெரிய மாப்பிள்ளை பொய்க்கணக்கு எழுதாதவர். 'மாமனார்' என்று ஏற்றினார். ஏற்றியதும், மாமனார் எந்த வகை என்று கம்ப்யூட்டர் கேட்டது. புதிதாக ஒரு வகை உண்டாக்க அன்றைக்கு அவருக்குச் சோம்பலாக இருந்தது. நாற்காலியின்மேல் இருப்பது, மெத்தென்றது, எடை கூடியது என்று யோசித்து, தலையணையின் வாரிசாக மாமனாரைச் சேர்த்தார். ஒரு பொருளை அரைகுறையாக விட மனம் வராததால் மாமனாரிலிருந்து மாமியாருக்கு ஒரு சுட்டி, மாமியாரிலிருந்து குக்கருக்கு ஒரு சுட்டி, கடைசியாகத் தனக்கும் ஒன்று. தன் வகை என்ன என்று வந்தபோது கொஞ்சம் தயங்கி, 'அலங்காரப் பொருள்' என்று போட்டுக்கொண்டார். அன்று எழுதியதில் மிகவும் துல்லியமான வரி அதுதான் என்று பின்னால் மனைவி சொன்னாள்.

சனிக்கிழமை முதலாளி ஒரு சின்ன ஒத்திகை வைத்தார்.

"சிவப்புச் சாமான் எத்தனை இருக்கு, சொல்லுங்க."

சின்ன மாப்பிள்ளை ஒரே ஒரு வரி தட்டினார். கொட்டாவி விட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. பெரியவரின் கம்ப்யூட்டரில் அப்படிக் கும்பலாகக் கேட்க முடியாது. அது ஒவ்வொரு சாமானாகப் போய்க் கதவைத் தட்டி, 'நீங்கள் சிவப்பா?' என்று தனித்தனியாக விசாரித்தது. காபி வந்தது, டம்ளர்கள் போயின, முதலாளி குளித்துவிட்டு வந்தார். விசாரணை அப்போதுதான் திரைச்சீலைகளை எட்டியிருந்தது.

"என்ன சகலை, வீடு வீடா ஓட்டு கேக்கப் போயிருக்கா?" என்றார் சின்னவர்.

"என்னுது மரியாதை தெரிஞ்சது சகலை. ஒவ்வொருத்தரையும் கேட்டுத்தான் சொல்லும்."

"அது சரி. திங்கக்கிழமை ஒரு நாற்காலி கேட்டா வீடே கிளம்பி வரப் போகுது, பாத்துக்குங்க."

"உங்ககிட்ட நாற்காலி கேட்டா காலு ஒரு பக்கம், கை ஒரு பக்கமா வரும். அதைப் பாருங்க."

இருவரும் சிரித்தார்கள். அதிலிருந்தே விஷயம் கவலைக்கிடம் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை மதியம் தியேட்டரிலிருந்து ஆர்டர் வந்தது: டாக்டர் நாற்காலி ஒன்று. அவ்வளவுதான். பெரிய மாப்பிள்ளை பொத்தானை அமுக்கினார். பிரின்டர் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. முதல் தாளில் நாற்காலி வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் அவர் சிம்மாசனத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். பிரின்டர் மூடவில்லை. நாற்காலி மேஜையைக் கூப்பிட்டது, மேஜை விளக்கைக் கூப்பிட்டது, விளக்கு தொலைபேசியைக் கூப்பிட்டது. தொலைபேசி போலீஸ் ஸ்டேஷனையே கையைப் பிடித்து அழைத்து வந்தது. ஸ்டேஷன் சிறையை, சிறை ராஜாவை, ராஜா அரண்மனையை. லோடு மேஸ்திரி காகிதத்தை மப்ளர் மாதிரி கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். காகிதத்தில் உள்ளதை ஏற்றுவார், இல்லாததை ஏற்ற மாட்டார். எதற்கு என்று கேட்பது அவர் வழக்கமில்லை. லாரி போதாமல் பக்கத்துத் தெருவிலிருந்து லாரி வந்தது. அதுவும் போதாமல், வழியோடு போய்க்கொண்டிருந்த ஒரு லாரி யாரும் கூப்பிடாமலே வரிசையில் நின்றுகொண்டது.

முதலாளி வழக்கம்போல டாக்டர் நாற்காலியில் உறக்கத்தில் இருந்தார். மேஸ்திரி காகிதத்தைப் பார்த்தார். நாற்காலி, மேலே மாமனார், தலையணை வகை: கயிற்றால் கட்டலாம், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கலாம், நசுங்கினால் தட்டிவிட்டால் எழும்பும், மழையில் நனைக்கக் கூடாது. மேஸ்திரி மேகத்தைப் பார்த்துவிட்டு, முதலாளிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, மூக்குக்கு மட்டும் ஓட்டை விட்டுக் கட்டினார். அவ்வளவு பத்திரமாக அந்தக் கிடங்கிலிருந்து வேறு எதுவும் போனதில்லை.

மாமியார் குக்கரோடு ஏறினார். "கையில பிடிச்சுக்கிட்டே வரேன்ப்பா, விசில் வரலை இன்னும்" என்றார். கடைசியில் மேஸ்திரி மாடிப்படிக்கு அடியில் வந்து பெரிய மாப்பிள்ளையைத் தோளில் தட்டினார்.

"சார், ஏறுங்க."

"நான் எதுக்குப்பா?"

"பேப்பர்ல இருக்கீங்க சார். அலங்காரம்னு போட்டிருக்கு. நீங்களா ஏறுறீங்களா, தூக்கி வைக்கட்டுமா?"

பெரிய மாப்பிள்ளை தானாகவே ஏறினார். கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. அவர் கொள்கைக்காக லாரியின் பின்பக்கம், ஒரு துரோகி தலையை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

தியேட்டர் மேடையில் எல்லாவற்றையும் இறக்கி முடித்தபோது மேடை தெரியவில்லை. இயக்குநர் அம்மாள் ஒல்லியான மனுஷி, கையில் பென்சில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. அரண்மனைக்கும் சிறைக்கும் நடுவில் வழி கண்டுபிடித்து வந்தார்.

"நான் கேட்டது ஒரு நாற்காலி."

"நாற்காலியும் இருக்கு மேடம்" என்றார் பெரிய மாப்பிள்ளை. "உள்ள."

அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. முதலாளி விழித்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பார்த்தால் தன் சாமான், தன் மனைவி, தன் மாப்பிள்ளை. கிடங்கில்தான் இருக்கிறோம் என்று நினைத்து, வழக்கமான குரலை எடுத்தார்.

"இந்தச் சவப்பெட்டியை எவன் நடுவழியில வெச்சது? ஒரு இடத்துல ஒரு சாமான் நிக்காதா? நான் கண்ணை மூடினா இங்க எல்லாமே மேடை ஏறிடும் போலருக்கே."

ஒத்திகைக்கு வந்திருந்த நடிகர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் அம்மாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முதலாளியை நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க. நாற்காலி இருக்கட்டும். மேல இருக்கறவரும் இருக்கட்டும். எனக்கு டாக்டர் இன்னும் கிடைக்கலை."

லாரிகள் திரும்பின; முதலாளி திரும்பவில்லை. மறுநாள் மாமியாருக்குச் சந்தேகம் வந்து மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, உங்க மாமா எப்ப வருவாருன்னு அந்தப் பெட்டியில கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் கேட்டார். கம்ப்யூட்டர் ஒளிவுமறைவின்றிச் சொன்னது: வாடகைக்குப் போயிருக்கிறார், நாற்காலி திரும்பும்போது திரும்புவார்.

"அது வரைக்கும் அவருக்கு மாத்திரை?"

"அதையும் சுட்டி போட்டிருந்தேன் அத்தை. கூடவே போயிருக்கு."

மாமியார் திருப்தியாகப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் பெரிய மாப்பிள்ளையைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான். மனைவியோ ஒரு பாயைக் கொண்டுவந்து சிம்மாசனத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் நம்பிக்கையெல்லாம் இப்போது ஒன்றே ஒன்றுதான்: சகலையும் கவிழ வேண்டும்.

புதன்கிழமை ஆர்டர்: நோயாளிகள் உட்கார நாற்காலிகள், டாக்டர் அறைக்கு ஓர் எலும்புக்கூடு. சின்ன மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் நாற்காலியைப் பிரித்துத்தான் வைத்திருந்தார். கால்கள் ஒரு டேபிளில் (டேபிள் என்றால் அவருடைய கட்டப் பட்டியல்), இருக்கைகள் ஒரு டேபிளில், முதுகுகள் ஒரு டேபிளில். எலும்புக்கூட்டிலும் உடம்பு தனி, தலை தனி. கால் ஒடிந்தால் காலை மட்டும் மாற்றலாம், கணக்கு சுத்தம். கேட்கும்போது டேபிள்களை ஒன்றோடொன்று ஜாயின் செய்தால் போதும். எந்தக் கால் எந்த இருக்கைக்கு என்று ஒரு நிபந்தனையும் கூடவே எழுத வேண்டும். அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சோறு தின்ன மறந்தாலும் அதை மறக்கக் கூடாது. சின்ன மாப்பிள்ளை அன்று சோறு தின்றிருந்தார்.

நிபந்தனை இல்லையென்றால் அந்தச் சாதி கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு காலையும் ஒவ்வோர் இருக்கையோடும், அந்த ஜோடியை ஒவ்வொரு முதுகோடும் சேர்த்து, எல்லாமே சரியான நாற்காலிகள் என்று சத்தியம் செய்யும். பிரின்டர் சூடாகி வாசனை வந்தது. மேஸ்திரி காகிதத்தைப் படித்துவிட்டு, முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இந்தக் காலு இந்த இருக்கையோட போகணும்னு இருக்கு. அப்புறம் இதே காலு அந்த இருக்கையோடயும் போகணும்னு இருக்கு."

"பேப்பர்ல இருக்குல்ல? அனுப்புங்க" என்றார் சின்ன மாப்பிள்ளை, பெரியவருக்குக் கேட்கும்படி.

அனுப்பினார்கள். தச்சர்கள் வந்தார்கள். ஒரு நாற்காலியைப் பூட்டி, லாரியில் ஏற்றி, தியேட்டரில் இறக்கி, கழற்றி, திரும்பக் கொண்டுவந்து, அதே காலை அடுத்த இருக்கையில் பூட்டி, மறுபடி ஏற்றினார்கள். தெருவில் போகிற லாரியும் வருகிற லாரியும் ஒரே காலை ஏற்றிக்கொண்டு ஒன்றையொன்று கடந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்கூட்டுக்கும் அதே கதி. ராஜா தலையோடு ஒருமுறை போனது, மந்திரி தலையோடு ஒருமுறை, குதிரைத் தலையோடு ஒருமுறை. குதிரைத் தலைக்கு இயக்குநர் அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்ததாகக் கேள்வி.

பெரிய மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சாயங்காலம் வாய்த்ததில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, தீர்ப்பைக் கேட்க மனைவியோடு தியேட்டருக்குப் போனார். சகலை ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், கையில் ஒரு நாற்காலிக் காலோடு. முதலாளி டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, அதே நாற்காலியில் இருந்தார்.

"பெரியவர்கிட்ட ஒண்ணு கேட்டா எல்லாத்தையும் கொடுக்கறார். சின்னவர் இல்லாததையும் கொடுக்கறார்" என்றார். "எனக்கு வசனம் வேற மனப்பாடம் பண்ணணும், சீக்கிரம் சொல்லிடறேன். பெரியவர் சொல்ற மாதிரி சாமானைப் பிய்க்காதீங்க, முழுசா வைங்க. ஆனா சின்னவர் கட்டத்துக்குள்ள வைங்க. கட்டத்துக்கு ஒண்ணு. கேட்டா அது மட்டும் எழுந்து வரட்டும்."

"அதுக்குப் பேர்தான் மாமா ஆப்ஜெக்ட்-ரிலேஷனல்" என்றார் சின்ன மாப்பிள்ளை. "நான் முதல்லேர்ந்து அதைத்தானே சொல்லிட்டு வரேன்."

"சொன்னீங்க. செஞ்சீங்களா?"

சின்ன மாப்பிள்ளை கையிலிருந்த காலைப் பார்த்துக்கொண்டார்.

பெரிய மாப்பிள்ளை மாமனார் இருந்த நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். தான் முழுசாகக் காப்பாற்றிய நாற்காலி, கடைசியில் சகலையின் கட்டத்துக்குள் போய் உட்காரப் போகிறது. "அப்ப நான் இவர்கிட்ட வேலைக்கா மாமா?"

"ரெண்டு பேருக்கும் வேலை உண்டு. கண்ணாடி ரூம்தான் இல்லை." முதலாளி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, பெரியவரின் மனைவி பக்கம் நீட்டினார். "நீ வெச்சுக்கம்மா. இவங்களை நம்பினா நாளைக்கு உன்னையும் ஏத்தி அனுப்பிடுவாங்க."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

"பாயை மேல எடுத்துட்டு வாங்க" என்றாள். "அதை மட்டும்."

அவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். படி ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார், வேறு எதுவும் பின்னால் வரவில்லை.

முதலாளி அந்த நாடகத்தோடு ஊர் ஊராகப் போய், டாக்டர் வேஷத்தில் பெயர் வாங்கினார். கிடங்கு இன்றும் நடக்கிறது. நாற்காலி கேட்டால் நாற்காலி போகிறது, நாலு காலோடு, மேலே யாரும் இல்லாமல். கண்ணாடி அறையில் மின்விசிறி சுற்ற, மகள் சாமான் கேட்டு வருகிறவர்களிடம் பேசி அனுப்புகிறாள். மாடிப்படிக்கு அடியிலிருந்து மட்டும், நாற்காலியைப் பிய்க்கலாமா கூடாதா என்று சகலைகள் இருவரும் காலையிலிருந்து வாதாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதலாளிக்கு ஒரே மகள். பிறகு மாப்பிள்ளை எப்படி இரண்டு என்று கேட்பவர்களுக்காகத்தான் அந்தத் துரோகி தலை; மெதுவாக அடித்துச் சத்தியம் செய்யத் தயார்.